கறுப்புத் திரை போதும்

பெங்களூரு
11.8.1996

அன்புள்ள சிவசங்கரி அக்காவுக்கு,

தம்பி ஜெயபிரகாஷ் எழுதுறேன். இங்க நான் சுகம். மழை விட்டு விட்டுப் பெய்யுது, ஆனா எனக்குச் சளி பிடிக்கல. நீ கேக்கப்போறேன்னு தெரியும், அதான் முந்திக்கிட்டேன். அங்க நீ, மாமா, உன் மவ கவிப்ரியா மூணு பேரும் சுகமா? உன் கண்ணு எப்படி இருக்குது? இந்த மாசம் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா?

எலுமிச்சங்கா ஊறுகா வந்து சேந்துது. அவ்வளவு தூரம் வந்தும் பீங்கான் ஜாடியில ஒரு கீறல் இல்ல. மாமா ஷெட்டுல சுட்டதுன்னு ரூம்ல பெருமையா சொல்லிக்கிட்டேன். ஊறுகா மூணாம் நாளே காலி. ஜாடி என்கிட்டதான் இருக்குது.

இப்ப விஷயத்துக்கு வரேன். ரெண்டு வருஷம் முன்னாடி நான் கொண்டாந்து வெச்ச கம்ப்யூட்டர்ல இன்னும் அந்தக் கறுப்புத் திரை டாஸ்தான் ஓடுது. ஊரு உலகமே விண்டோஸ் 95க்கு மாறிடுச்சு அக்கா. அதுல கறுப்புத் திரையே கிடையாது. பளிச்சுனு வெள்ளையா இருக்கும், எல்லாம் படம் படமா இருக்கும். மவுஸ்னு ஒன்னு குடுப்பாங்க. அதைக் கையில பிடிச்சு நகத்தினா திரையில ஒரு அம்பு நகரும். வேணுங்கிற படத்து மேல அம்பை வெச்சு அமுக்கினா வேலை முடிஞ்சுது. எழுத்தை எவ்வளவு பெருசா வேணும்னாலும் ஆக்கிக்கலாம். அம்பு எங்க போச்சுன்னு தெரியலேன்னா அதுக்கு ஒரு வால் வெச்சுக்கலாம், நகரும்போது பின்னாடியே வரும். நான் என் மெஷின்ல அப்படித்தான் வெச்சிருக்கேன். ரொம்ப சௌகரியம்.

உன் கண்ணுக்கு இதுதான் சரிப்படும். அம்மா போன பிறகு உங்க வூட்டுச் சோத்துல வளந்து காலேஜுக்குப் போனவன் நான். இதைக்கூட உங்களுக்குச் செய்யலேன்னா அப்புறம் என்ன தம்பி. சரின்னு ஒரு வார்த்தை எழுது, மீதியை நான் பாத்துக்கிறேன்.

அன்புடன்
ஜெயபிரகாஷ்


விருத்தாசலம்
27.8.1996

அன்புள்ள தம்பி ஜெயபிரகாசுக்கு,

அக்காவோட ஆசீர்வாதம். நீ சுகமா இருக்கிறது கேட்டு மனசு குளுந்துது. இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். கவி ஆறாவது போறா, வாயி மட்டும் காலேஜு படிக்குது. மாமாவுக்கு ஷெட்டு வேல சரியா இருக்குது.

ஆஸ்பத்திரிக்குப் போனோம். கண்ணு அப்படியேதான் இருக்குதாம், கவலைப்படாத. அந்த டாக்டரு திரும்பவும் அதையேதான் சொன்னாரு. அப்பாவும் அம்மாவும் மாமன் மவ, அத்தை மவன். அப்படிச் சொந்தத்துல கட்டினா இது வரும், கூடப் பொறந்தவங்க இருந்தா அவங்களையும் காட்டுங்கன்னாரு. உனக்கு ராத்திரியில கண்ணு நல்லா தெரியுதா? எனக்கு அப்படித்தான் ஆரம்பிச்சுது, அப்புறம் ஓரத்துல இருந்து உள்ள உள்ள மூடிக்கிட்டு வந்துது. மறக்காம எழுது.

மெஷினைப் பத்திச் சொல்றேன், கோவிச்சுக்காத. கண்ணு மங்க ஆரம்பிச்சப்ப என்னை எல்லாரும் ஒக்கார வெச்சுட்டாங்க. அடுப்புகிட்ட வராத, தண்ணி எடுக்கப் போவாத, நீ சும்மா இரு. அன்பாத்தான் சொன்னாங்க. ஆனா சும்மா ஒக்காந்திருக்கிறது எப்படி இருக்கும்னு ஒக்காந்தவளுக்குத்தான் தெரியும். நீ மெஷினைக் கொண்டாந்த, பில்லு போடச் சொல்லிக் குடுத்த. இன்னைக்கு மாமா சுடுற பீங்கான் பியூஸ் கேரியருக்கெல்லாம் நான்தான் பில்லு, நான்தான் கடைக்குக் கடுதாசி. சேலத்துக் கடைக்காரரு என் பேரைச் சொல்லி, அந்தம்மா பில்லுன்னா கண்ணை மூடிக்கிட்டு கையெழுத்துப் போடுவேன்னு சொன்னாராம். அவருக்கு என் கண்ணைப் பத்தித் தெரியாது, பாவம்.

என் விரலு இந்தக் கறுப்புத் திரைக்குப் பழகிடுச்சு. எந்தப் பொத்தானுக்கு அப்புறம் எதுன்னு அதுவே போவுது. புதுசு வந்து இது போச்சுன்னா நான் மறுபடியும் பாயில போயி ஒக்காந்துக்க வேண்டியதுதான். அந்தப் பயந்தான், வேற ஒன்னும் இல்ல. நல்லா யோசிச்சு எழுது.

உன் அக்கா
சிவசங்கரி


பெங்களூரு
15.9.1996

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நல்லா இருக்கேன். வேளாவேளைக்குச் சாப்பிடுறேன். உங்க எல்லாரோட சுகத்துக்கும் கடவுளை வேண்டிக்கிறேன். கண்ணு அப்படியே இருக்குதுன்னு படிச்சதும் பெரிய நிம்மதி.

சைக்கிளு கத்துக்கிறப்ப நீ எப்படி பயந்த, ஞாபகம் இருக்கா? கீழ விழுந்தா பல்லு போயிடும், பல்லு போனா எவன் கட்டிக்குவான்னு. கடைசியில பல்லும் இருக்குது, மாமாவும் இருக்காரு. இதுவும் அப்படித்தான். ஒரு வாரம் கஷ்டமா இருக்கும், அப்புறம் பழைய திரையை நீயே திட்டுவ. கண்ணு தெரியிற வரைக்கும் அதுக்கு ஒத்தாசையா இருக்கிறதை வெச்சுக்கணும் இல்லியா? பெரிய எழுத்து, வெள்ளைத் திரை, வால் வெச்ச அம்பு. உனக்காகவே செஞ்ச மாதிரி இருக்குது.

அதனால உன் பதிலுக்குக் காத்திருக்காம நான் விண்டோஸ் பிளாப்பி ஒரு செட்டு வாங்கி, மவுஸும் சேத்து பார்சல்ல அனுப்பிட்டேன். கோவம் வந்தா என் மேலயே வை, பிளாப்பி மேல காட்டாத. என்கூடப் படிச்ச பச்சமுத்து நம்மூரு பாலக்கரையில கம்ப்யூட்டர் சென்டர் வெச்சிருக்கான். அவனுக்கும் எழுதியிருக்கேன். நல்ல நாள் பாத்து மாமா கூப்பிட்டா வந்து போட்டுக் குடுப்பான்.

கவிக்குப் படம் வரைய உள்ளயே ஒன்னு இருக்குதுன்னு சொல்லு. அவ உன்னை விட மாட்டா.

அன்புடன்
ஜெயபிரகாஷ்


விருத்தாசலம்
25.10.1996

அன்பு மச்சானுக்கு மாமா கொளஞ்சிநாதன் ஆசியுடன் எழுதிக்கொண்டது. இங்க எல்லாரும் கடவுள் புண்ணியத்துல சௌக்கியம். உன் சௌக்கியத்துக்குப் பதில் போடு. மச்சான், நான் பேனா பிடிச்சு ரொம்ப நாளாச்சு. உங்க அக்கா என்கிட்ட நாலு நாளா பேசல, அதனால நானே எழுத வேண்டியதாப் போச்சு.

நடந்தது இதுதான். உன் பார்சலு ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் வந்துது. நல்ல நாள் பாத்துப் போடச் சொல்லியிருந்த. விஜயதசமியை விட நல்ல நாள் ஏது? பச்சமுத்துகிட்ட சொல்லிட்டேன். ஆயுத பூஜைக்கு ஷெட்டுல இருக்கிற அச்சு, தராசு, வண்டி எல்லாத்துக்கும் சந்தனம் வெச்சோம். வூட்டுக்கு வந்து மெஷினுக்கு வெச்சேன். மவுஸுக்கு வெச்சேன். பிளாப்பியை எப்படி விடறது? மச்சான் அனுப்பினது, அதுவும் ஒரு ஆயுதந்தானே. ஒவ்வொன்னா எடுத்து, அந்தத் தகடு இருக்கிற எடத்துல அழகா சந்தனம் தடவி, குங்குமம் வெச்சேன். குளுமையா இருக்கட்டும்னு கொஞ்சம் தாராளமாவே தடவினேன். ஒரு பூவும் வெச்சு வரிசையா அடுக்கி தீபாராதனை காட்டினேன். கவி கைதட்டினா.

மறுநாள் பச்சமுத்து வந்து முதல் பிளாப்பியைச் சொருகினான். தேங்கா துருவுற மாதிரி ஒரு சத்தம் வந்துது. வெளிய எடுத்தான், மோந்து பாத்தான், என்னைப் பாத்தான். அப்புறம் பையில இருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான்.

பழைய டாஸுக்கு ஒன்னும் ஆவல, அது பத்திரமா இருக்குது. பிளாப்பி சொருகுற எடத்தைத்தான் கழட்டித் தொடைச்சான். ஆனா அவன் தொடைச்சு முடிக்கிற வரைக்கும் உங்க அக்கா பச்சத்தண்ணி கூடத் தொடல மச்சான். சொவத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னுக்கிட்டே இருந்தா. மெஷின் போச்சா, போச்சான்னு அதையே கேட்டா. நான் வெளையாட்டா நெனைச்சது அவளுக்கு உசுருன்னு அன்னைக்குத்தான் பாத்தேன். உன்கிட்ட ஒன்னு சொல்லணும், சொல்லக் கூடாதுன்னு அவ சத்தியம் வாங்கியிருக்கா. நேர்ல வா.

இப்படிக்கு
மாமா கொளஞ்சிநாதன்


பெங்களூரு
6.11.1996

அன்புள்ள அக்காவுக்கும் மாமாவுக்கும்,

வணக்கம். நான் சுகமே. நீங்களும் அப்படியே இருக்கணும்னு கேட்டுக்கிறேன்.

மாமா, உங்க கடுதாசியை ஆபீசுல படிச்சுட்டு அடக்க முடியாம சிரிச்சேன். மேனேஜர் வந்து என்னன்னு கேட்டாரு. சொன்னேன். அவரு இங்கிலீஷ்காரப் பள்ளிக்கூடத்துல படிச்சவரு, ஆனாலும் அவங்க வூட்டுலயும் போன வருஷம் கீபோர்டுல குங்குமம் கொட்டிச்சாம். என் மேல இருக்கிற பிரியத்துலதானே அவ்வளவு சந்தனம் தடவினீங்க. உங்க மேல கோவம் எப்படி வரும்? அக்கா, நீயும் மாமாகிட்ட பேசிடு.

தீபாவளிக்கு வர முடியல. லீவு இருக்குது, ஆனா பகல் பஸ்ஸுல எடம் கிடைக்கல. ராத்திரி பஸ்ஸு இப்பல்லாம் ஒத்துக்க மாட்டேங்குது. பொங்கலுக்குக் கண்டிப்பா வரேன். ஆபீசுல இருந்து சீடி ஓட்டுற பெட்டி ஒன்னு கொண்டாந்து, நானே பக்கத்துல ஒக்காந்து விண்டோஸ் போட்டு, உனக்குப் பழகுற வரைக்கும் இருந்துட்டு வரேன். சீடிக்கு யாரும் சந்தனம் வெக்காதீங்க.

மாமா, நேர்ல சொல்லணும்னு எழுதியிருந்தீங்களே, என்ன அது? மனசுக்குள்ள ஓடிக்கிட்டே இருக்குது.

அன்புடன்
ஜெயபிரகாஷ்


விருத்தாசலம்
9.12.1996

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா ஆசியோட எழுதுறேன். சாப்பாட்டை வேளைக்குச் சாப்பிடு, தலைக்கு எண்ணெ வையி. இங்க நாங்க மூணு பேரும் சுகம். அடை மழை, ஷெட்டுல வார்த்ததெல்லாம் காய மாட்டேங்குது. மாமா சரக்கு குடுக்க சேலம் போயிருக்காரு. அவருகிட்ட பேசிட்டேன். இருந்தாலும் கடவுள் படத்துக்கு வெக்கிற சந்தனத்தைக் கூட இப்ப என்னைக் கேட்டுத்தான் எடுக்கிறாரு.

உனக்கு ஒன்னு சொல்லணும். இந்த மெஷினுக்காக உன்னை நெனைக்காத நாளில்ல. காலையில எழுந்து பல்லு விளக்குறதுக்குள்ள, இன்னைக்கு என்ன பில்லு இருக்குதுன்னு ஒரு நெனப்பு வருது பாரு, அது நீ குடுத்தது. கூடப் பொறந்தவன் பொடவை எடுத்துக் குடுப்பான், சீரு செய்வான். எழுந்திரிக்க ஒரு காரணத்தைக் குடுத்தவன் நீ. அதனால சொல்றேன், புதுசு வேணாம்பா. கண்ணு அப்படியேதான் இருக்குது, இந்தக் கறுப்புத் திரை எனக்கு நல்லாவே தெரியுது. போன வாரம் பிரிண்டருக்குப் புது ரிப்பன் போட்டோம். எழுத்து எப்படி கறுகறுன்னு விழுந்திருக்குது, பாத்தியா? ஒரு தடவைக்கு ரெண்டு தடவை நானே படிச்சுப் பாத்துட்டுத்தான் கவர்ல போடுறேன். மாமா உன் விலாசம் எழுதி வெச்சுட்டுப் போன கவரு இருக்குது.

நான் கேட்டதுக்கு மட்டும் நீ பதிலே எழுத மாட்டேங்கிற. ராத்திரி பஸ்ஸு ஒத்துக்கலேன்னு எழுதியிருக்க. முன்னல்லாம் நீ ராத்திரி பஸ்ஸுல வந்து விடியக்காலையில கதவைத் தட்டுவியே. ஒத்துக்கலேன்னா என்ன? வயித்துக்கா, கண்ணுக்கா? தெளிவா எழுது.

உன் அக்கா
சிவசங்கரி


பெங்களூரு
19.12.1996

அக்கா,

நான் நல்லா இருக்கேன். நீ எப்படி இருக்கேன்னு இந்தத் தடவை நிஜமாவே கேக்குறேன்.

உன் கவரு வந்துது. பிரிச்சேன். உள்ள ரெண்டு தாளு, ரெண்டும் வெள்ளை. திருப்பிப் பாத்தேன், பின்பக்கமும் வெள்ளை. ஒரு எழுத்து இல்ல. மாத்தி வெச்சுட்ட போலன்னு முதல்ல சிரிச்சேன். அப்புறம் தாளைத் தடவினா விரலுக்குச் சொரசொரன்னு பட்டுது. உன் புது ரிப்பன் எடத்தை விட்டு நழுவியிருக்குது அக்கா. பிரிண்டர் ஊசி மை இல்லாம வெறும் தாளைக் குத்தியிருக்குது. சத்தம் எப்பவும் போலதான் வந்திருக்கும்.

பென்சிலைச் சாய்ச்சு வெச்சு மெதுவா தேச்சேன். ஒவ்வொரு வரியா வெளிய வந்துது. மழை, சேலம், சந்தனம். அப்புறம் எழுத்து கறுகறுன்னு இருக்குதா பாருன்னு கேட்டிருந்த. ரெண்டு தடவை படிச்சுப் பாத்துட்டுத்தான் போடுறேன்னு எழுதியிருந்த. அந்த எடத்துக்கு வந்ததும் பென்சிலைக் கீழ வெச்சுட்டேன். அதுக்கு மேல தேய்க்கவே என்னால முடியல. கொஞ்ச நேரம் அழுதுட்டு அப்புறந்தான் மீதியைப் படிச்சேன்.

எத்தனை நாளா உனக்கு ஒன்னுமே தெரியல? மாமா நேர்ல சொல்லணும்னது இதுதானா? நான் எழுதுறதையெல்லாம் யாரு படிச்சுக் காட்டுறாங்க? பெரிய எழுத்து, வெள்ளைத் திரைன்னு நான் பாட்டுக்கு எழுதினப்ப நீ எப்படிப் பொறுத்துக்கிட்ட?

பொங்கலுக்கு வரேன். சீடி கொண்டு வரல.

உன் தம்பி
ஜெயபிரகாஷ்


விருத்தாசலம்
30.12.1996

என் கண்ணான தம்பிக்கு,

அக்காவும் மாமாவும் சேந்து எழுதுறோம். அடிக்கிறது நான், எழுத்து விழுந்திருக்குதான்னு பாத்துச் சொன்னது அவரு. எங்க உடம்புக்கு ஒன்னும் இல்ல. நீ அழுதேன்னு அவரு படிச்சதும் எனக்குச் சோறு எறங்கல. இனிமே அழாத.

போன வருஷம் ஆடியிலயே எழுத்து போயிடுச்சு. நீ வந்தப்பல்லாம் பழகின வூடுங்கிறதால காட்டிக்காம சமாளிச்சுட்டேன். பகல்ல வெளிச்சம் தெரியும், நடுவுல ஒரு துளி அசையிறது தெரியும், அவ்வளவுதான். நீ சொல்ற பெரிய எழுத்தைப் பச்சமுத்து ஒரு நாளு தாளுல அடிச்சுக் காட்டினான். பெருசா இருந்தா அதோட ஒரு காலுதான் அந்தத் துளிக்குள்ள வருது. உன் கடுதாசியெல்லாம் மாமாதான் படிப்பாரு. நீ என்னைக் கேலி பண்ற எடத்தை மட்டும் ரெண்டு தரம் படிப்பாரு.

ஆனா என் வேலைக்கு ஒன்னும் கொறைச்சல் இல்லப்பா. நீ டாஸ்ல எழுதிக் குடுத்த பில்லு எப்பவும் ஒரே மாதிரி கேக்கும். முதல்ல கடை பேரு, அப்புறம் சரக்கு, அப்புறம் எண்ணிக்கை. ஒரு நாளும் எடம் மாறாது. தப்பா அடிச்சா பீப்புனு ஒரு சத்தம் போட வெச்சியே, அது எதுக்குன்னு அப்ப கேட்டேன். சும்மா போட்டேன்னு சொன்ன. அந்தச் சத்தந்தான் இப்ப எனக்குக் கண்ணு. உனக்கு நான் எத்தனை நன்றி சொன்னாலும் தீராது. ஆனா அந்த அம்பை நான் எங்க போயி தேடுவேன்? அது எந்தப் பக்கம் நிக்குதுன்னு சத்தம் போட்டுச் சொல்லுமா?

மறைச்சதுக்குக் காரணம் சொல்றேன். எனக்கு மொத்தமா போயிடுச்சுன்னு தெரிஞ்சா, நமக்கும் இப்படித்தான் ஆவும்னு நீ பயந்துக்குவேன்னு நெனைச்சேன். தனியா வெளியூர்ல இருக்கிற புள்ள. அதுக்காகத்தான். இப்பவாவது நீ பதில் சொல்லு. இல்ல, வேணாம், நேர்ல வந்து சொல்லு.

உன் அக்கா
சிவசங்கரி


பெங்களூரு
23.2.1997

அன்புள்ள அக்காவுக்கும் மாமாவுக்கும்,

வணக்கம். கவிக்கு முத்தம். ஒரு மாசத்துக்கு மேல எழுதாம இருந்ததுக்கு அக்கா திட்டியிருப்பா. திட்டின வரைக்கும் போதும், இப்ப கேளுங்க.

பொங்கலுக்கு மறுநாளு நான் பின்னாடி வந்து நின்னது உனக்குத் தெரியும். ஆனா நான் எதைப் பாத்தேன்னு உனக்குத் தெரியாது. நீ சேலத்துக்குப் பில்லு போட்டுக்கிட்டிருந்த. பக்கத்து வூட்டுப் பெரியம்மாள் வாசல்ல நின்னு பரங்கிக்கா வெலையைச் சொல்லிக்கிட்டிருந்தாங்க. நீ அவங்களுக்குப் பதிலும் சொல்ற, விரலும் போவுது. உன் முன்னாடி மானிட்டரு அணைஞ்சு கிடந்துது. சுவிட்சே போடல. கரண்டு எதுக்கு வீணா போவணும்னு மாமாதான் அணைச்சு வெச்சாராம். பில்லு வெளிய வந்ததும் எடுத்துப் பாத்தேன், ஒரு தப்பு இல்ல. இந்த மனுஷிக்கு வெள்ளைத் திரை போட்டுக் குடுக்க வந்தேனேன்னு எனக்கே வெக்கமா போச்சு.

நீ கேட்டதுக்கு அன்னைக்கு நான் தலையை மட்டும் ஆட்டினேன். நீ அதைப் பாக்க முடியாதுன்னு தெரிஞ்சேதான் ஆட்டினேன். இப்ப வாயைத் திறந்து சொல்றேன். எனக்கும் இருக்குது அக்கா. ரெண்டு வருஷமா ராத்திரியில தடுமாறுறேன். பஸ் ஸ்டாண்டுல ஒரு தடவை விழுந்தேன். மவுஸ் அம்பு திரையில காணாம போயிக்கிட்டே இருக்கும், அதனாலதான் அதுக்கு வால் வெச்சேன். உனக்குச் சௌகரியம்னு எழுதினதெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கிட்ட தைரியம். ஊருல இருந்து வந்ததும் இங்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். உன்னோடதேதான். மெதுவாத்தான் போவும், இன்னும் பல வருஷம் வேலை பாக்கலாம்னு டாக்டர் சொன்னாரு. மேனேஜர்கிட்டயும் சொல்லிட்டேன். நல்ல மனுஷன், கைவிட மாட்டாரு.

உன் வூட்டுக்கு வராம இருந்திருந்தா இந்தச் செய்தியில நான் ஒடைஞ்சு போயிருப்பேன். அணைஞ்ச மானிட்டரு முன்னாடி நீ சிரிச்சுப் பேசிக்கிட்டே வேலை பாத்ததைப் பாத்துட்டேன், அதனால ஒடையல. இதுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே எனக்குத் தெரியல.

உன் மெஷின்ல நான் எதையும் மாத்தல. போன ஞாயித்துக்கிழமை ரூம்ல இருக்கிற என் மெஷின்ல இருந்து விண்டோஸை எடுத்துட்டு, உன்னோட டாஸையே போட்டுட்டேன். உன் பில் புரோகிராமையும் போட்டேன். கண்ணை மூடிக்கிட்டு ஒக்காந்தா முதல் பொத்தானே தப்பாப் போவுது. பீப்பு பீப்புனு ஒரே சத்தம். ரூம்ல எல்லாரும் ஓடிட்டாங்க.

நீ எப்படி ஆரம்பிச்சேன்னு சொல்லு.

உன் தம்பி
ஜெயபிரகாஷ்


விருத்தாசலம்
16.3.1997

என் தங்கத் தம்பிக்கு,

அக்காவோட ஆசி உனக்கு எப்பவும் இருக்குது. நாங்க சுகம். நீ வேளைக்குச் சாப்பிடு, டாக்டரு சொன்ன மாத்திரையைப் போடு.

உன் கடுதாசியை மாமா படிக்கப் படிக்க பாதியில நிறுத்திட்டாரு. மூக்கை உறிஞ்சினாரு. எனக்குப் புரிஞ்சுடுச்சு. ரெண்டு நாளு நான் மெஷின்கிட்டயே போவல. சாமி என்னோட நிறுத்தியிருக்கக் கூடாதான்னு இருந்துது. வயிறு எரியுதுடா. அதை மறைச்சு உன்கிட்ட எழுத மாட்டேன்.

மூணாம் நாளு சேலத்துல இருந்து ஆளு வந்து பில்லுக்காக நின்னாங்க. போயி ஒக்காந்தேன். போட்டேன். போட்ட பிறகு மனசு கொஞ்சம் நேரா வந்துது. அதனால நீயும் துக்கத்தோட வேணும்னாலும் தினம் ஒக்காரு. கண்ணு தெரியிறப்பவே விரலுக்குப் பழக்கு, எனக்கு அந்த அவகாசம் கிடைக்கல. சுட்டு விரலு தங்குற ரெண்டு பொத்தான்ல சின்ன மேடு இருக்கும், அதுல இருந்து பொறப்படு. வழி தப்பினா பதறாம திரும்ப அங்கயே வா. பீப்புக்குப் பயப்படாத, அது திட்டுறது இல்ல. நில்லுன்னு கையைப் பிடிக்குது, அவ்வளவுதான்.

போன வெள்ளிக்கிழமை மாமா என்னை மணவாளநல்லூருக்குக் கூட்டிட்டுப் போனாரு. குறையைத் தாளுல எழுதி வேல்ல கட்டினா கொளஞ்சியப்பர் முருகன் விசாரிப்பாரு, நாமளும் அப்படி ஒரு பிராது எழுதிக் கட்டிடலாம், ரெண்டு பேரு கண்ணையும் திருப்பிக் குடுன்னு கேக்கலாம்னாரு. எழுதுறவரு தாளை வெச்சுக்கிட்டு, என்னம்மா குறைன்னு கேட்டாரு. எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரல. கண்ணு போற நேரம் பாத்து மெஷின் வந்துது. அதை உனக்குச் செய்யத் தெரிஞ்சுது. படிச்சுக் காட்ட ஒரு மனுஷன் பக்கத்துல இருக்காரு. இதையெல்லாம் கேக்காமலே குடுத்தவருகிட்ட போயி அதைக் குடு இதைக் குடுன்னு எப்படிக் கேக்குறது?

அதனால உன் மேல பிராது குடுத்துட்டேன். பெங்களூருல இருக்கிற என் தம்பி ஜெயபிரகாஷ் தன் கஷ்டத்தை என்கிட்ட மறைக்கிறான், இனிமே மறைக்கக் கூடாது, சாமி விசாரிக்கணும்னு எழுதச் சொன்னேன். எழுதினவரு சிரிச்சுட்டாரு. சாமி காலடியில வெச்சு வாங்கி, வேல்ல கட்டிட்டு வந்தாச்சு.

நீ உள்ளது உள்ளபடி எழுதினாத்தான் வாபஸ் வாங்குவேன். இந்த மாசம் எங்க தடுமாறின, எங்க இடிச்சுக்கிட்ட, எல்லாத்தையும் எழுது. கண்ணை மூடிக்கிட்டு அடி, திருத்தாம அனுப்பு. மாமா எப்படியாவது படிச்சுடுவாரு.

உன் அக்கா
சிவசங்கரி

மச்சான், கீழ இருக்கிறது என் கையெழுத்து. உங்க அக்கா செருப்பு போட்டுக்கிட்டு வெளிய நின்னப்ப நான் திரும்ப உள்ள போயி, அவ பேருலயும் ஒரு பிராது கட்டிட்டு வந்தேன். அதே குத்தந்தான். இந்த நாலு வரியை மட்டும் நான் அவளுக்குப் படிச்சுக் காட்டல.
மாமா